பிளாப்பி இல்லாமலே பழைய பிபிசி மைக்ரோக்களை ஒரே ஒயரில் இணைக்கலாம்

1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர். பாளையங்கோட்டை மாதிரி தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில், ஏலத்திலோ யார் வீட்டு மச்சிலோ இரண்டு மூன்று கிடைத்தால் தயவுசெய்து பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிளாப்பி டிரைவைத் தேடியும் அலைய வேண்டாம், நாற்பது வருடம் ஈரக்காற்றில் கிடந்த பிளாப்பியை நம்ப முடியாது. இந்த மெஷின்களை ஒயரால் இணைக்கும் எகோநெட் என்ற நெட்வொர்க் இருந்தால் போதும், எல்லா மெஷினும் ஒரே இடத்திலிருந்து ஃபைலை எடுத்துக்கொள்ளும்.

முதல் வேலை பவர் சப்ளை. பிளக்கைச் செருகும் முன்பே இதைச் செய்ய வேண்டும். உள்ளே மெயின்ஸ் பக்கம் இருக்கும் மஞ்சள் நிற எக்ஸ்2 கெப்பாசிட்டர்கள் வயதானதும் விரிசல் விட்டு, ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் புகையோடு வெடிக்கும், அதனால் புதிதாக மாற்றிவிட்டுத்தான் 230 வோல்ட் கொடுக்க வேண்டும். மெயின்ஸ் வேலை பழக்கமில்லை என்றால் டிவி மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த மெஷின் என்றால் சேற்றைக் கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

சரி, ஆன் செய்ததும் திரையில் எகோநெட் ஸ்டேஷன் என்று ஓர் எண்ணோடு வருகிறதா? பக்கத்தில் 'நோ கிளாக்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம், ஒயர் இன்னும் மாட்டவில்லை என்றுதான் பொருள். அந்த வரியே இல்லையென்றால் எகோநெட்டுக்கான 68பி54 சிப்பும் அதன் துணைச் சிப்புகளும் நெட்வொர்க் மென்பொருள் உள்ள ரோம் சிப்பும் பொருத்தப்படாத மெஷின் அது, அவற்றை வாங்கிப் போட வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி எண் வேண்டும், 1 முதல் 254 வரை. பிபிசி மைக்ரோவின் மாடல் பி-யில் எஸ்11 என்ற இடத்து ஜம்பர்களால், அதாவது பலகையிலுள்ள சின்ன இணைப்புகளால், அதை மாற்றலாம். ஒரு ஜம்பரை மாற்றி, ஆன் செய்து, திரையில் எண்ணைப் பாருங்கள். 254-ஐ மட்டும் ஃபைல்களை வைத்திருந்து கொடுக்கும் சர்வருக்கு விட்டுவையுங்கள், அதுதான் வழக்கம்.

ஒயருக்குப் பழைய டேப்ரெக்கார்டரில் வரும் ஐந்து முனை டின் பிளக் போதும், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அடுத்தடுத்து இருக்கும் 1, 4 முனைகள் டேட்டா, 5, 3 கிளாக் (டேட்டாவுக்கு நேரம் காட்டும் துடிப்பு), நடுவிலுள்ள 2 கிரவுண்ட். இன்டர்நெட்டுக்குப் போடும் சாதாரண கேட்5 ஒயரே நன்றாக வேலை செய்யும், ஆனால் டேட்டாவுக்கு ஒரு முறுக்கிய ஜோடி, கிளாக்குக்கு இன்னொரு ஜோடி என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஜோடியைக் கலந்தால் பிழை வந்துகொண்டே இருக்கும். ஒயரின் இரண்டு முனையிலும் சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் டெர்மினேட்டர் வேண்டும், கிளாக் துடிப்பு கொடுக்கும் பெட்டி முழு ஒயருக்கும் ஒன்றே ஒன்றுதான். ஐப்பசி கார்த்திகையில் இடி இறங்கும் நேரத்தில் எல்லா பிளக்கையும் கழற்றிவிடுங்கள், நீள ஒயரில் மின்னல் ஏறினால் சிப்புகள் மிஞ்சாது.

சர்வராக ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றும், அதை எகோநெட்டோடு இணைக்கும் பைஎகோநெட்பிரிட்ஜ் பலகையும் போதும். ஃபைல் சர்வர் மென்பொருள் அதிலேயே வருகிறது.

இனி பிபிசியில். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும், உச்சரிப்பை மட்டும் இங்கே தருகிறேன். *நெட் என்று கொடுத்து, *ஐ ஆம் போட்டுப் பயனர் பெயர் கொடுங்கள். *கேட் கொடுத்தால் ஃபைல் பட்டியல் வரும். வழக்கமான சேவ், லோட் இரண்டுமே இப்போது ஒயர் வழியாகப் போகும். பெயர் பத்து எழுத்துக்குள் இருக்கட்டும். மற்றவர்களும் படிக்க வேண்டுமென்றால் *ஆக்சஸ் கட்டளையில் சாய்கோட்டுக்கு வலப்பக்கம் ஆர் என்ற ஆங்கில எழுத்தைச் சேருங்கள், இடப்பக்கம் உரிமையாளருக்கானது.

தொலைவிலிருந்து துவக்குவதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. சர்வரில் பூட் என்றொரு பயனரை உருவாக்குங்கள், பாஸ்வேர்டு வைக்காதீர்கள். அந்தப் பயனராக நுழைந்து *ஆப்ட் 4,3 கொடுங்கள், துவங்கும்போது !பூட் என்ற ஃபைலிலுள்ள கட்டளைகளை ஓட்டச் சொல்வது இது. பிறகு அதே டைரக்டரியில் !பூட் என்ற ஃபைலில் செயின் "மெனு" என்று ஒரே வரி, கூடவே மெனு என்ற பேசிக் புரோகிராம். இப்போது எந்த மெஷினிலும் ஷிஃப்டையும் 'என்' என்ற ஆங்கில எழுத்து விசையையும் பிடித்துக்கொண்டு பிரேக்கைத் தட்டினால், அது தானே பூட் பயனராக நுழைந்து மெனுவை ஓட்டும். !பூட் ஃபைலைப் பை-யிலேயே எழுதுபவர்கள் வரி முடிவுக் குறியாக லினக்ஸ் போடும் 10-ஆம் எண் குறிக்குப் பதில் 13-ஆம் எண் குறி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வரி திரையில் வந்து நிற்கும், ஓடாது.