திரும்பத் திரும்ப அதே பாவத்தில் விழுகிறீர்களா? விழுந்த அன்றைக்கு ராத்திரியே செய்யவேண்டியவை

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் முழங்கால்படியிட்டு, "ஆண்டவரே, வருகிற வருஷம் இதைச் செய்யவே மாட்டேன்" என்று கண்ணீரோடு சொல்லி, வாக்குத்தத்த அட்டையை பைபிளுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பொங்கலுக்கு முன்பே அதே குழியில் கிடந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நான் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். என்னுடையது கோபம். வெளியே யாரிடமும் வராது. ஆபீஸில் பொறுமைசாலி என்று பெயர், சபையில் வேதபாடம் வாசிக்கிற ஆள், ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினதும் வேறு மனுஷன். உங்களுடையது பொய்யாக இருக்கலாம், பொறாமையாக இருக்கலாம், ராத்திரி போனில் பார்க்கக் கூடாததைப் பார்ப்பதாக இருக்கலாம். பத்து இருபது வருஷம் சபைக்குப் போய்க்கொண்டே ஒரே ஒரு பாவத்திடம் மட்டும் தோற்றுக்கொண்டிருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலும் நாம் கேட்கிற பிரசங்கங்கள் விழாமல் இருப்பதைப் பற்றித்தான் பேசும். அது வேண்டியதுதான். ஆனால் என் அனுபவத்தில் எல்லாம் தீர்மானமாவது விழுந்த பிறகு வருகிற முதல் ஒரு மணி நேரத்தில். அதனால் அங்கேயிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் மகள் கணக்கு நோட்டில் மார்ஜின் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேல் நழுவி கோடு கோணலாகப் போயிற்று. ரப்பர் வைத்து அழிக்கும்போது தாள் கிழிந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். நான் கத்தின சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். அவள் அழவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி மறுபடியும் ஸ்கேலை வைத்தாள். விரல் நுனி வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்திப் பிடித்தும் அந்த ஸ்கேல் ஆடிக்கொண்டே இருந்தது. எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபம். "தலை வலிக்கிறது, நீங்களே ஜெபம்பண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். எந்த முகத்தோடு பைபிளைத் திறப்பது? அவர்கள் இரண்டு பேரும் பாடின கீர்த்தனை சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாளும் நான் ஜெபிக்கவில்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை. நாலாவது நாள் மறுபடியும் கத்தினேன்.

கத்தினது ஐந்து நிமிஷம். ஒளிந்துகொண்டது நாலு நாள். ஆதாம் விருட்சங்களுக்குள்ளே போய் ஒளித்துக்கொண்டதும் இதே கணக்குத்தான். பாவம் நம்மை ஆண்டவரிடமிருந்து தூரமாக இழுக்கிறது என்று சொல்கிறோம், ஆனால் பாதித் தூரம் வெட்கத்தினாலே நாமாகத்தான் நடந்து போகிறோம், அப்படித் தூரமாக நிற்கிறவனை அடுத்த சோதனை சுலபமாகத் தட்டிவிடும்.

பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு நிற்கும்போது. யோவான் சுவிசேஷம் 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் சீஷர்களுக்கு ஆகாரம் ஆயத்தமாக்கி வைத்திருக்கிறார், அங்கேயும் ஒரு கரிநெருப்பு. அந்த வார்த்தை புதிய ஏற்பாட்டில் வருவதே இந்த இரண்டு இடத்தில்தான். மூன்று தரம் மறுதலித்தவரிடம் மூன்று தரம் "நீ என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்கிறார். யூதாசும் மனஸ்தாபப்பட்டான், காசைத் திருப்பிக் கொடுத்தான், "பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னான். ஆனால் அதைச் சொன்னது ஆசாரியர்களிடம், இயேசுவிடம் திரும்பிப் போகவில்லை. பேதுருவோ கரையில் நிற்பது ஆண்டவர் என்று கேட்டதும் படகு போய்ச் சேரும் வரைக்கும்கூடப் பொறுக்காமல் கடலில் குதித்தார்.

ஆகவே முதல் காரியம், விழுந்த அன்றைக்கே ஜெபியுங்கள். மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். "என் பாவங்களையெல்லாம் மன்னியும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள், அது ஆராதனையில் எல்லாரோடும் சேர்ந்து சொல்கிற பாவ அறிக்கைக்குச் சரி, தனி ஜெபத்தில் பெயர் சொல்ல வேண்டும். "ஒரு கிழிந்த தாளுக்காக என் பிள்ளையை நடுங்க வைத்தேன்." இப்படி ஒரே ஒரு வரி. இதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கும். 1 யோவான் 1:9 "அறிக்கையிட்டால்" என்றுதான் சொல்கிறது, வருத்தப்பட்டால் என்றோ நாலு நாள் பட்டினி கிடந்தால் என்றோ சொல்லவில்லை.

அப்புறம், யாருக்கு விரோதமாகச் செய்தீர்களோ அவர்களிடம் போக வேண்டும். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்கும்போது "ஆனால்" என்ற வார்த்தை வரவே கூடாது. "நான் கத்தினது தப்புதான், ஆனால் நீயும் கவனமா இருந்திருக்கலாம்ல" என்று சொன்னால் அது இரண்டாவது திட்டு. நான் ஐந்தாவது நாள் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தாள் கிழிஞ்சது தப்பில்லம்மா, அப்பா கத்தினதுதான் தப்பு" என்றேன். "இனிமே கத்த மாட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். மாட்டேன் என்று சத்தியம் பண்ண வாய் வந்தது, பண்ணவில்லை. "கத்தினேன்னா அன்னைக்கே வந்து உன்கிட்ட மன்னிப்புக் கேப்பேன்" என்றேன். அந்த வாக்கை என்னால் காப்பாற்ற முடிந்தது. பணத்தில் செய்த பாவமாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றார், நீங்கள் வாங்கினதையாவது கொடுத்துவிடுங்கள்.

சரி, இனி விழுவதற்கு முன்னால் நடப்பதைப் பார்ப்போம். ஒரு சின்ன நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் விழுந்த பிறகு மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணி, அதற்கு முந்தின இரண்டு மணி நேரம் எங்கே இருந்தேன், உடம்பு எப்படி இருந்தது. நான் ஒரு மாசம் எழுதிப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாமே சாயங்காலம் ஏழிலிருந்து எட்டுக்குள், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த நாட்களில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்றுமே சாப்பிடாத வயிற்றோடு. எத்தனையோ உபவாச ஜெபத்தில் கோபத்தின் ஆவியைக் கடிந்துகொண்ட எனக்கு இது கண்ணில் படவே இல்லை. எலியா சூரைச்செடியின் கீழே "என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்க விட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். இப்போது பஸ்ஸைவிட்டு இறங்கினதும் இரண்டு வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மாடிப்படியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் தட்டுகிறேன். இது ஆவிக்குரிய காரியமா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன்.

தாவீது விழுந்தது பத்சேபாளைப் பார்த்த அந்த நிமிஷத்தில் என்று நினைக்கிறோம். 2 சாமுவேல் 11ஐ மெதுவாக வாசித்தால், ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகிற காலத்தில் அவர் எருசலேமில் தங்கிவிட்டார் என்பதுதான் முதலில் வருகிறது. யாக்கோபும் பாவத்தைப் படிப்படியாகத்தான் காட்டுகிறார், இச்சை இழுக்கிறது, சிக்க வைக்கிறது, கர்ப்பந்தரிக்கிறது, அதற்கப்புறம்தான் பாவம் பிறக்கிறது. கடைசிப் படியில் நின்று சண்டை போடுகிறவன் பெரும்பாலும் தோற்பான், முதல் படியில் மாற்ற வேண்டியது சின்னக் காரியமாகத்தான் இருக்கும். போன்தான் உங்கள் பிரச்சினை என்றால் ராத்திரி பத்து மணிக்கு அது ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், எழுப்புவதற்கு நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். 386ஆம் வருஷம் மிலான் நகரத்தில் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த, பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டின் கையில் எடுத்து வாசித்தது ரோமர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வரிகள். "துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருந்து, கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளுங்கள்." இடம் கொடுக்காதே என்கிறது, அலாரம் கடிகாரம் அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதுதான். யோசேப்பும் போத்திபாரின் மனைவியிடம் கடைசியில் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடிப்போனார்.

காலி பண்ணின இடத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். பெருக்கி ஜோடித்த வீட்டுக்கு வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்த அசுத்த ஆவியைப் பற்றி இயேசு சொன்னது எல்லாருக்கும் தெரியும். எபேசியர் 4:28இல் பவுல் திருடனிடம் திருடாதே என்பதோடு நிறுத்தவில்லை, கையினால் வேலை செய், இல்லாதவனுக்குக் கொடு என்று அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுக்கிறார். நான் ஏழு மணியை மகளுக்குக் கொடுத்தேன். அவள் கோடு போடும்போது ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது என் வேலை.

இனி, நம் ஆட்கள் பலபேர் செய்யவே செய்யாத ஒன்று. ஒரே ஒரு மனுஷரிடமாவது வாயைத் திறந்து சொல்லுங்கள். யாக்கோபு 5:16 சொஸ்தமடையும்படிக்கு ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. கத்தோலிக்க சகோதரர்களிடம் பாவசங்கீர்த்தனம் என்று ஒரு பழக்கமாவது இருக்கிறது, நாம் "நேரே ஆண்டவரிடம் சொல்லிக்கொள்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு கடைசியில் யாரிடமுமே சொல்வதில்லை. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. ஆணென்றால் ஆணிடம், பெண்ணென்றால் பெண்ணிடம். கேட்டதும் அதிர்ச்சி அடைகிறவர் வேண்டாம், "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் ஊர் முழுக்கக் கொண்டுபோகிறவர் வேண்டவே வேண்டாம். எனக்கு வாய்த்தவர் சபையில் ஒரு அண்ணாச்சி, அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வரும்போது, "தம்பி, இந்த வாரம் எத்தன?" என்று மட்டும் கேட்பார். "ரெண்டு அண்ணாச்சி." "மன்னிப்புக் கேட்டாச்சா?" "கேட்டுட்டேன்." என் தோளில் கை வைத்து இரண்டு வரி ஜெபித்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் கேள்வி ஞாயிற்றுக்கிழமை வரும் என்ற நினைப்பே வியாழக்கிழமை சாயங்காலம் என் வாயை எத்தனையோ தடவை அடக்கியிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குடியோ போதையோ உடம்பைப் பிடித்துவிட்டது என்றால் ஜெபத்தோடு டாக்டரிடமும் போங்கள், அது அவிசுவாசம் ஆகாது. கை நீட்டுகிற அளவுக்குக் கோபம் போகிற வீடாக இருந்தால், அடி வாங்குகிறவர் பொறுத்துக்கொண்டு ஜெபித்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் அவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும்.

விசுவாசம் வளர்வது எப்போது? ஜெயித்த நாட்களை எண்ணிப் பார்க்கும்போது வளரும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு அது வளர்ந்தது, தோற்றுவிட்டுத் திரும்பிப் போன ஒவ்வொரு தடவையும் கதவு திறந்திருந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான். பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே இயேசு "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டார். அவன் விழாதபடிக்கு என்று அங்கே இல்லை. இதை முதல் தடவை கவனித்த அன்றைக்கு வெகுநேரம் அந்தப் பக்கத்தைவிட்டு என்னால் நகர முடியவில்லை.

உள்ளே கேட்கிற குரல் ஆவியானவருடையதா, குற்றஞ்சாட்டுகிறவனுடையதா என்று குழப்பம் வரும். ஆவியானவர் குறிப்பாகப் பேசுவார்: இதைச் செய்தாய், போய் இன்னாரிடம் சரிபண்ணு. மற்றவன் பொதுவாகத்தான் பேசுவான்: நீ எப்பவுமே இப்படித்தான், உனக்கெல்லாம் எதற்கு ஜெபம். ஆண்டவரிடம் போகாதே என்று சொல்கிற குரல் எதுவாக இருந்தாலும் கேட்காதீர்கள். இதே காரணத்துக்காக ராப்போஜனத்துக்கு எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும், பல மாசம் நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். 1 கொரிந்தியர் 11:28 தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டு எழுந்து போங்கள்.

நான் இன்னும் கத்துகிறேன், மாசத்துக்கு ஒன்றிரண்டு தடவை. நாலு நாள் ஒளிந்தவன் இப்போது அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுகிறேன். சில சமயம் பாதி வாக்கியத்திலேயே நிறுத்தி, "மன்னிச்சிடும்மா" என்று சொல்லவும் முடிகிறது.

இன்றைக்கே விழுந்துவிட்டு இதை வாசிக்கிறீர்கள் என்றால் போனை வைத்துவிட்டு 51ஆம் சங்கீதத்தை எடுங்கள். மொத்தம் 19 வசனம், சத்தமாக வாசித்தாலும் ஐந்து நிமிஷம் ஆகாது. உங்கள் பாவத்தைப் பெயர் சொல்லி ஒரு வரியில் அறிக்கையிடுங்கள். அப்புறம் எழுந்து பக்கத்து அறைக்குப் போங்கள், அவர்கள் இன்னும் தூங்கியிருக்கமாட்டார்கள்.