மீட்டெடுத்த ப்ரெய்ரியில் நாட்டுச்செடி, களைக் கணக்கெடுப்பு: முதல்முறை இறங்கும் மாணவர்களுக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின், இல்லினாய், அயோவா பக்கம் சூழலியல் வகுப்பு எடுக்கும் மாணவர்களை என்றாவது ஒருநாள் தோளுயரப் புல்லுக்குள் இறக்கிவிட்டு, "இதில் நாட்டுச்செடி எவ்வளவு, களை எவ்வளவு, பார்த்து எழுதி வாருங்கள்" என்பார்கள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. தரையில் வைத்து அதற்குள் இருக்கும் செடிகளைப் பார்க்கும் சதுரச் சட்டம் செய்வதில் தொடங்கி எக்செல் கணக்கு வரைக்கும் போகிறது.

இல்லினாயில் ஒருகாலத்தில் சுமார் 2.2 கோடி ஏக்கர் ப்ரெய்ரி, அதாவது உயரமான புல்லும் பூச்செடிகளும் வளரும் இயற்கைப் புல்வெளி, இருந்தது. அதில் பத்தாயிரம் ஏக்கருக்கு ஒரு ஏக்கர் அளவுதான் இன்று நல்ல நிலையில் மிஞ்சியிருக்கிறது. மீதியெல்லாம் பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாவும் ஆகிவிட்டது. அதனால்தான் உழுத நிலத்தில் திரும்ப விதைத்து ப்ரெய்ரியை மீட்கிறார்கள். இதில் முன்னோடி மேடிசனில் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆர்போரீட்டத்தில் (தாவரப் பூங்காவில்) உள்ள கர்ட்டிஸ் ப்ரெய்ரி. 1930-களில் பழைய பண்ணை நிலத்தில் நட ஆரம்பித்தார்கள். இத்தனை ஆண்டு பராமரிப்புக்குப் பிறகும் நகரத்து மழைநீர் வந்து சேரும் பகுதிகளில் ரீட் கேனரி என்ற களைப்புல் விடாமல் நுழைகிறது. களையை அடக்க எங்கே தீ வைப்பது, எங்கே வெட்டுவது என்று முடிவெடுப்பவர்கள் உங்களைப் போன்றவர்கள் எழுதித் தரும் தாளைத்தான் பார்க்கிறார்கள். எனவே தாள் சரியாக இருக்க வேண்டும்.

எப்போது போவது

முடிந்தால் இரண்டு முறை போங்கள். ஜூன் நடுவில் ஒன்று, ஆகஸ்ட் நடுவில் ஒன்று. ஸ்மூத் ப்ரோம், கென்டக்கி ப்ளூகிராஸ், ரீட் கேனரி ஆகிய வெளிநாட்டுப் புற்கள் குளிர்பருவப் புற்கள். ஜூனில் கதிர் தள்ளும். பிக் ப்ளூஸ்டெம், இண்டியன் கிராஸ், ஸ்விட்ச்கிராஸ் போன்ற நாட்டுப்புற்கள் வெயில் ஏறிய பிறகுதான் நிமிரும். ஆகஸ்டில் மட்டும் போனால் ப்ரோம் பெரும்பாலும் காய்ந்த தாளாகக் கிடக்கும், கண்ணில் படாது. ஒரே முறைதான் நேரம் என்றால் ஆகஸ்டையே எடுங்கள், ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்பதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

என்ன எடுத்துப்போவது

சட்டத்துக்கு அரை அங்குல பிவிசி பைப், பத்து அடி நீளத்தில் ஒன்று போதும். 50 செ.மீ. துண்டுகளாக நான்கு, மூலைகளை இணைக்க எல்போ நான்கு. எல்போ கொஞ்சம் இடம் சேர்க்கும் என்பதால் பூட்டிய பிறகு *உள்பக்கம்* 50-க்கு 50 வருகிறதா என்று அளந்து, மிஞ்சினால் பைப்பைச் சீவுங்கள். மூன்று பக்கத்தை மட்டும் பசை போட்டு ஒட்டுங்கள். நான்காவது பக்கம் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். மூடிய சட்டத்தை ஆளுயரப் புல்லுக்கு மேலிருந்து இறக்கினால் எல்லாவற்றையும் மடக்கி நசுக்கிவிடும், அப்புறம் பரப்பளவு, அதாவது எந்தச் செடி சட்டத்தில் எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. திறந்த சட்டத்தைத் தரையோடு நுழைத்துவிட்டு நான்காவது பக்கத்தை மாட்டுவதுதான் சரி. 10 செ.மீ.-க்கு ஒரு வளையமாகக் கலர் டேப் சுற்றிவிடுங்கள்.

50 மீட்டர் டேப் ஒன்று, கிளிப்போர்டு, பென்சில் (பேனா மை ஈரத்தில் பரவும்), கைலென்ஸ் ஒன்று. லென்ஸ் 10 மடங்கு போதும். 20 மடங்கு வாங்காதீர்கள், காற்றில் ஆடும் புல்லை அதில் பிடிக்கவே முடியாது. படத்தைப் பார்த்துச் செடியின் பெயர் சொல்லும் போன் செயலியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பூவுக்கு அது நன்றாகவே பெயர் சொல்லும். கதிர் இல்லாத புல்லைக் காட்டினால் அதன் பதிலை நம்பிப் பெயர் எழுத வேண்டாம்.

முழுக்கை, முழுக்கால் சட்டை, காலுறைக்குள் செருகிய பேன்ட். உண்ணி உண்டு, அதில் கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். வெளியே வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள்.

சட்டத்தை எங்கே வைப்பது

இதில் பேரம் கிடையாது. இடத்தைக் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது. விட்டால் எல்லோரும் சட்டத்தைப் பூ நிறைந்த இடத்தில்தான் வைப்பார்கள். 50 மீட்டர் டேப்பை நேராக இழுங்கள், பாதையிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி. போனில் 0 முதல் 49 வரை குலுக்கல் முறையில் எண் ஐந்து எடுத்து, அந்த மீட்டரில் டேப்பின் வலப்பக்கம் சட்டம். நடப்பது எப்போதும் இடப்பக்கம். இப்படி நான்கு கோடு போட்டால் 20 சட்டம். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒருநாள் வேலை.

சட்டத்துக்குள் பார்ப்பது

முதலில் அடி. உயரமான தண்டுகளைக் கையால் விலக்கி, பழைய சருகை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். மேலிருந்து தொடங்குபவர்கள் பிக் ப்ளூஸ்டெமையும் மொனார்டா பூச்செடியையும் எழுதிவிட்டு, அடியில் மெத்தையாய் விரிந்திருக்கும் ப்ளூகிராஸைத் தவறவிடுகிறார்கள். பிறகு நடு அடுக்கு, கடைசியில் உச்சி. வெறும் மண், சருகு இரண்டுக்கும் தனி வரி போடுங்கள்.

பரப்பளவுக்கு டாபென்மயர் என்ற சூழலியலாளர் பிரித்த வகுப்புகள் ஆறு: 0–5, 5–25, 25–50, 50–75, 75–95, 95–100 சதவீதம். 37 சதவீதமா 42 சதவீதமா என்று மாணவர்கள் வாதாடி வெயிலில் நிற்க வேண்டாம், வகுப்பு எண் போதும். 10-க்கு 10 செ.மீ. அட்டைத் துண்டு ஒன்று வெட்டி வைத்துக்கொண்டால் அது இந்தச் சட்டத்தில் சரியாக 4 சதவீதம். அதை இலைக்கூட்டத்தின் மேல் பிடித்துப் பார்த்தாலே முதல் வகுப்பா இரண்டாவதா என்பது தெரிந்துவிடும். அடுக்கு அடுக்காக இருப்பதால் கூட்டினால் 100-ஐத் தாண்டும். அது பிழையல்ல, திருத்த வேண்டாம்.

வெளியே வேர்விட்டு உள்ளே சாய்ந்த செடியைச் சேர்ப்பதா? பரப்பளவுக்குச் சேர்க்கலாம், தண்டுகளையும் எண்ணுவதாக இருந்தால் அந்த எண்ணிக்கைக்குச் சேர்க்கக் கூடாது. இந்த விதியைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். முதல் சட்டத்தை மட்டும் எல்லோரும் தனித்தனியாகப் பார்த்து எழுதி ஒப்பிடுங்கள். ஒரு வகுப்புக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசித் தீர்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கதிர் இல்லாத புல்: எல்லோரும் சறுக்கும் இடம்

இலை தண்டைவிட்டுப் பிரியும் மூட்டைப் பாருங்கள். இலையை மெல்லப் பின்னுக்கு வளைத்தால் உள்பக்கம் சின்னச் சவ்வு ஒன்று தெரியும். பாதிப் பெயர்கள் அங்கேயே கிடைத்துவிடும்.

ஸ்விட்ச்கிராஸ்: அந்த மூட்டில் இலையின் மேல்பக்கம் முக்கோணமாக அடர்ந்த மயிர்க்கற்றை. ஆகஸ்டில் விரியும் கதிரைப் பார்த்தால் நம் சாமைக் கதிர்தான் நினைவுக்கு வரும். இரண்டும் பானிக்கம் பேரினம் என்பதால் அந்தச் சாயல்.

இண்டியன் கிராஸ்: சவ்வு தடித்து, இருபுறமும் கூர்க்காதுபோல் நிமிர்ந்திருக்கும். துப்பாக்கியின் குறிகாட்டி என்பார்கள். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

பிக் ப்ளூஸ்டெம்: காது கிடையாது. இலையின் அடிப்பகுதியில் நீண்ட தனித்தனி மயிர்கள், தண்டின் அடி நீலம் அல்லது செம்மை ஓடியிருக்கும்.

ஸ்மூத் ப்ரோம் (களை): இலை நடுவில் அமுக்கி வைத்தாற்போல் W வடிவச் சுருக்கம். இது எல்லா இலையிலும் இருக்காது, வேறு சில புல்லிலும் லேசாக வரும். எனவே அதோடு நிறுத்தாமல் உறையைப் பாருங்கள். தண்டைச் சுற்றிய உறை ப்ரோமில் கிட்டத்தட்ட உச்சிவரை மூடிய குழாய், ப்ளூஸ்டெமில் விளிம்போடு விளிம்பு மேவித் திறந்திருக்கும். இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் ப்ரோம் என்று எழுதுங்கள்.

ரீட் கேனரி: அகல இலை, மூட்டில் நீண்ட வெள்ளைக் காகிதம் போன்ற சவ்வு. ஈரமான பள்ளங்களில் தேடுங்கள்.

கென்டக்கி ப்ளூகிராஸ்: மெல்லிய இலை, நுனி படகின் முனைபோல் குவிந்திருக்கும். விரலால் நீவினால் நுனி பிளக்கும்.

இவ்வளவு பார்த்தும் தெரியவில்லையா? "தெரியாதது-1, கோடு 2, சட்டம் 3" என்று எழுதுங்கள். மூன்று படம் எடுங்கள்: முழுச்செடி, மூட்டு, தண்டின் அடி. படத்துக்குள் எண் எழுதிய துண்டுச்சீட்டு தெரியட்டும். அனுமதி இல்லாமல் பறிக்காதீர்கள். ஊகித்து எழுதிய பெயரை யாராலும் பின்னால் கண்டுபிடித்துத் திருத்த முடியாது. தெரியாதது என்ற வரியை மறுநாளே ஆசிரியர் நிரப்பிவிடுவார்.

ஒன்றுபோல் தெரியும் இரண்டு ஜோடிகள்

மஞ்சள் குடைப்பூ. வைல்ட் பார்ஸ்னிப் களை, அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் வரும், தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கோல்டன் அலெக்ஸாண்டர்ஸ் நாட்டுச்செடி. பார்ஸ்னிப்பின் இலை ஒரு நடுக்காம்பில் ஐந்து முதல் பதினைந்து சிற்றிலை, தண்டு வரிவரியாகப் பள்ளம் விழுந்தது. அலெக்ஸாண்டர்ஸ் மூன்று மூன்றாகப் பிரியும், வசந்தத்தின் கடைசியிலேயே பூத்துவிடும். சந்தேகம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

முட்செடிகள். கனடா திசில் என்பது பெயரளவில்தான் கனடா, வந்தது யூரேசியாவிலிருந்து. தண்டில் முள் இருக்காது, பூ சிறியது, வேர் ஓடிக் கூட்டமாக வளரும். ஃபீல்ட் திசில் நாட்டுச்செடி. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளைக் கம்பளிபோல் இருக்கும், பூ பெரியது. விஸ்கான்சினில் அரிதான ஹில்ஸ் திசிலும் உண்டு. முள்ளைக் கண்டதும் பிடுங்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். இது கணக்கெடுப்பு, களையெடுப்பு வேறு நாள்.

தாளில் நெட்டாக இரண்டு பத்தி

"நாட்டுச்செடி / களை" என்று ஒரே பத்தியில் எழுதச் சொல்லும் படிவங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. கனடா கோல்டன்ராடு அந்த மண்ணுக்கே உரியது, ஆனால் விட்டால் மற்றதையெல்லாம் அமுக்கி ஒற்றைக் காடாக்கிவிடும். அதை எங்கே போடுவீர்கள்? "பிறப்பிடம்" ஒரு பத்தி, "பரவும் குணம்" ஒரு பத்தி. நிர்வாகம் செய்பவர்களுக்கு இரண்டாவதும் அதே அளவு தேவை.

கணக்கு

ஒவ்வொரு வகுப்புக்கும் நடுமதிப்பு போடுங்கள்: 2.5, 15, 37.5, 62.5, 85, 97.5. ப்ரோம் 20 சட்டத்தில் 10-இல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் மூன்றாம் வகுப்பு, ஐந்தில் இரண்டாம் வகுப்பு, இரண்டில் முதல் வகுப்பு. கூட்டினால் 112.5 + 75 + 5 = 192.5. இதை 20-ஆல் வகுக்க வேண்டும், 9.6 சதவீதம். எக்செலில் வெற்றுக்கட்டம் விட்டுவிட்டு சராசரி கேட்டால் அது 10-ஆல் வகுத்து 19.25 காட்டும். களை இரண்டு மடங்காகிவிடும்! செடி இல்லாத சட்டத்தில் 0 என்று தட்டச்சு செய்யுங்கள்.

அடுத்து தரக் குறியீடு, அதாவது நிலத்தின் செடிகள் எவ்வளவு தரமானவை என்று காட்டும் எண். ஃப்ளாய்ட் ஸ்விங்க், ஜெரால்ட் வில்ஹெல்ம் இருவரும் சிகாகோ வட்டாரத்துக்காக உருவாக்கிய முறை. ஒவ்வொரு நாட்டுச்செடிக்கும் 0 முதல் 10 வரை சி மதிப்பு. எங்கும் வளர்வதற்குக் குறைவு, கெடாத நிலத்தை விட்டு நகராததற்கு அதிகம். மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் உங்கள் மாநிலப் பட்டியலையே பயன்படுத்துங்கள். சராசரி சி-யை இன எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் குறியீடு. 25 நாட்டுச்செடி, சராசரி 4 என்றால் 4 × 5 = 20. அதோடு 11 களையை 0 மதிப்பில் சேர்த்தால் சராசரி 2.78, இனம் 36, குறியீடு 16.7. இரண்டையும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள இறக்கமே களை எவ்வளவு புகுந்திருக்கிறது என்று காட்டும். வேறு நிலத்தோடு ஒப்பிடும்போது சராசரி சி-யை வைத்து ஒப்பிடுங்கள். பரப்பு பெரிதானால் இனம் கூடும், இனம் கூடினால் குறியீடு தானாக ஏறும்.

பின்சேர்க்கை

கருத்துகளில் இரண்டு விஷயம் வந்தன. ஒன்று, விதைத்து ஒரே வருடமான நிலத்தில் எடுத்தவர்களுக்கு எங்கு பார்த்தாலும் ராக்வீடு, ஃபாக்ஸ்டெயில் ஆகிய களைகள். அது இயல்பு. ப்ரெய்ரிச் செடிகள் முதலிரண்டு வருடம் வேரைத்தான் வளர்க்கும், மேலே ஒரு சாண்கூடத் தெரியாது. அந்த வருடங்களில் குறியீடு போடாதீர்கள். நாட்டுச்செடியின் நாற்று எத்தனை சட்டத்தில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். முதல் வருடம் தரையிலிருந்து ஆறு அங்குலமாவது விட்டு மேலே வெட்டிவிடுவார்கள், வெட்டுவதற்கு முன் போய்விடுங்கள்.

இரண்டு, அடுத்த வருடம் போனால் கோட்டின் முனையைக் காணோம் என்கிறார்கள். பிளாஸ்டிக் கொடி நட்டிருப்பார்கள். ப்ரெய்ரியில் வசந்தத்தில் தீ வைப்பார்கள், கொடி உருகிப்போகும். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால் அதை மட்டும் நம்பவும் முடியாது. இரண்டு முனையிலும் இரும்புக் கம்பி அடித்து அலுமினியத் தகட்டில் எண் பொறித்துக் கட்டுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தில் மாட்டாதபடி கம்பியைத் தரையோடு தரையாக அடிக்க வேண்டும், எங்கே அடித்தீர்கள் என்பதை நில நிர்வாகிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர் ஒருவரை உடன் அழைத்துப் போனால் சருகுக்குள் தேடும் நேரம் மிச்சம்.