பவர் பிஐ சான்றிதழ்: பிஎல்-300 தேர்வுக்குத் தயாராவது எப்படி?

பவர் பிஐ என்பது தரவை அறிக்கைகளாகவும் வரைபடங்களாகவும் மாற்றும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். அந்நிறுவனம் வழங்கும் பவர் பிஐ தரவு ஆய்வாளர் சான்றிதழைப் பெற பிஎல்-300 என்ற ஒரே தேர்வை எழுதினால் போதும். முன்பு டிஏ-100 என்ற எண்ணில் நடந்த தேர்வுக்கு மாற்றாக 2022ஆம் ஆண்டில் இது வந்தது. ஆகவே பழைய எண்ணைத் தாங்கிய குறிப்புகளை நம்பிப் படிப்பைத் தொடங்க வேண்டாம். தேர்ச்சி பெற 1000க்கு 700 மதிப்பெண் தேவை. கேள்விகளின் கடினத்துக்கேற்பச் சீரமைக்கப்படும் மதிப்பெண் என்பதால், இதை எழுபது விழுக்காடு சரியான விடைகள் என்று கணக்கிட முடியாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை.

முதல் வேலையாக, இத்தேர்வில் சோதிக்கப்படும் திறன்களின் பட்டியலை மைக்ரோசாஃப்ட் லேர்ன் என்ற பயிற்சித் தளத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அது அவ்வப்போது திருத்தப்படுவதால், தேர்வு எழுதும் தேதியில் எந்தப் பதிப்பு நடைமுறையில் இருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளவும். தரவைத் தயார்செய்தல், மாதிரியமைத்தல் (அட்டவணைகளை இணைத்துக் கணக்கீடுகளை அமைப்பது), காட்சிப்படுத்திப் பகுப்பாய்தல் ஆகிய மூன்றும் ஏறத்தாழ சம எடை கொண்டவை. நிர்வாகமும் பாதுகாப்பும் சேர்ந்த நான்காம் பகுதிக்கு எடை சற்றுக் குறைவு.

இந்தத் தேர்வு மனப்பாடத்தை அதிகம் கேட்பதில்லை. ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வழிகளில் எது இந்தச் சூழலுக்குப் பொருந்தும் என்றே திரும்பத் திரும்பக் கேட்கிறது. எனவே பவர் பிஐ டெஸ்க்டாப்பை (அது இலவசம், விண்டோஸில் மட்டுமே இயங்கும்) நிறுவிக்கொண்டு, விடுபட்ட மதிப்புகளும் இரட்டிப்பான வரிசைகளும் நிறைந்த ஒரு கோப்பை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துப் பழக வேண்டும். தரவைச் சுத்தம் செய்யும் பகுதியான பவர் கொயரியில் ஒரு நெடுவரிசையின் தரத்தைப் பார்க்கும்போது, பிழையே இல்லை என்று திரை காட்டலாம்; ஆனால் இயல்பாக அது முதல் 1000 வரிசைகளை மட்டுமே ஆராய்கிறது. கீழேயுள்ள நிலைப்பட்டையில் முழுத் தரவுக்கும் என்று மாற்றிய பிறகே உண்மை நிலவரம் தெரியும். இத்தகைய நுணுக்கங்கள் கையால் செய்து பார்த்தவருக்கு எளிதில் மறப்பதில்லை.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது மாதிரியமைத்தலுக்கும், பவர் பிஐயில் கணக்கீடுகளை எழுதும் டாக்ஸ் மொழிக்கும்தான். வரிசைதோறும் மதிப்பைக் கணக்கிட்டுச் சேமிக்கும் கணக்கிட்ட நெடுவரிசை எப்போது, அறிக்கையில் காட்டும்போது கணக்கிடப்படும் மெஷர் எப்போது என்பதில் தெளிவில்லாமல் மேலே செல்லக் கூடாது. ஒரு பொருள் 1000க்கு விற்று 100 லாபம் தந்தது, இன்னொன்று 200க்கு விற்று 60 லாபம் தந்தது என்று வைத்துக்கொள்வோம். லாப விகிதத்தை நெடுவரிசையாக எழுதினால் 10, 30 விழுக்காடு என்று வரிசைதோறும் சரியாக வரும். ஆனால் மொத்த வரியில் அவற்றைக் கூட்டினால் 40, சராசரி எடுத்தால் 20 என்று வரும். சரியான விடை, மொத்த லாபமான 160ஐ மொத்த விற்பனையான 1200ஆல் வகுத்துக் கிடைக்கும் ஏறத்தாழ 13.3 விழுக்காடு. அதைத் தருவது மெஷர் மட்டுமே, ஏனென்றால் அது அந்தந்தக் கட்டத்தின் வடிகட்டல் சூழலில், அதாவது அந்தக் கட்டத்துக்குப் பொருந்தும் தரவை மட்டும் கொண்டு, புதிதாகக் கணக்கிடப்படுகிறது. இது பிடிபட்ட பிறகு, அந்தச் சூழலை மாற்றிக் கணக்கிடும் கால்குலேட் செயற்கூறு அச்சுறுத்தாது. அதன் பின், விற்பனை அட்டவணையின் ஆர்டர் தேதி, அனுப்பிய தேதி இரண்டையும் ஒரே தேதி அட்டவணையுடன் இணைத்துப் பாருங்கள். ஓர் இணைப்பு மட்டுமே செயலில் இருக்கும், மற்றதை யூஸ்ரிலேஷன்ஷிப் என்ற செயற்கூறு கொண்டு அழைக்க வேண்டியிருக்கும்.

எடை குறைவு என்று பலர் ஒதுக்கும் நான்காம் பகுதியே, என் கணிப்பில், உழைப்புக்கு அதிகப் பலன் தருவது. யார் எந்த வரிசைகளைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் வரிசைநிலைப் பாதுகாப்பு விதிகள், குழுவாக அறிக்கைகளைப் பகிரும் பணிவெளியில் பார்க்க மட்டுமே முடிந்த வியூவர் உரிமை பெற்றவரையே கட்டுப்படுத்தும், கான்ட்ரிபியூட்டர், மெம்பர், அட்மின் ஆகியோரைக் கட்டுப்படுத்தாது என்பது போன்ற செய்திகள் எண்ணிக்கையில் குறைவு. ஒருமுறை புரிந்துகொண்டால் போதும்.

லேர்ன் தளத்தின் இலவசப் பயிற்சித் தேர்வை எழுதும்போது, சரியாக அமைந்த விடைகளுக்கும் மற்ற மூன்று தெரிவுகள் ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதி வைக்கவும். உண்மைத் தேர்வின் வினாக்கள் என்று விற்கப்படும் தொகுப்புகள் விதிமீறல் என்பதோடு, அவற்றில் விடைகள் பிழையாகவும் இருக்கலாம்.

தேர்வு நேரம் 100 நிமிடங்கள். ஒரு நிறுவனத்தின் சூழலை விவரித்துப் பல கேள்விகள் கேட்கும் பகுதியை முடித்து வெளியேறினால் அதற்குத் திரும்ப முடியாது. ஆகவே அங்கே சந்தேகங்களை உடனுக்குடன் தீர்த்துக்கொள்ள வேண்டும். அச்சூழலில் கேள்வியை முதலில் படித்து, பிறகு அதற்குரிய தேவையை விவரிப்பில் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். தேர்வின்போதே லேர்ன் ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம், ஆனால் அதற்குக் கூடுதல் நேரம் கிடையாது. ஒரு செயற்கூறின் அமைப்பைச் சரிபார்க்க அது உதவும், பாடம் கற்க உதவாது. வீட்டிலிருந்து எழுதுவோர் கணினிச் சோதனையை முன்கூட்டியே அதே கணினியில், அதே இணைய இணைப்பில் முடித்துவிட வேண்டும். மேசையில் தாள், கைபேசி எதுவும் இருக்கக் கூடாது.

முதல் முயற்சியில் தேறாவிட்டால் 24 மணி நேரத்துக்குப் பின் மீண்டும் எழுதலாம். அதற்கடுத்த முயற்சிகளுக்கு 14 நாள் இடைவெளி வேண்டும். மதிப்பெண் அறிக்கை எந்தப் பகுதியில் பலவீனம் என்பதைக் காட்டும் என்பதால், இரண்டாம் முறைக்கு அப்பகுதியிலிருந்தே தொடங்கலாம். தேறியவரின் சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும். காலாவதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே இணையவழியில் இலவசமாகப் புதுப்பிக்க முடியும். கெடு தவறினால் முழுத் தேர்வையும் மறுபடி எழுத நேரும்.