பெயர் போடாத ரெக்கார்டில் வாசித்தது யார்?

மும்பை சோர் பஜாரில், மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் பழைய ரெக்கார்டு புரட்டத் தொடங்கியிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலிவு லேபிள் மறுவெளியீடுகளில் கலைஞர் பெயரே இருக்காது, அல்லது உலகத்தில் இல்லாத ஓர் ஆர்கெஸ்ட்ராவின் பெயர் இருக்கும். காதை மட்டும் நம்பாமல் தேடினால் வாசித்தவரைப் பல சமயம் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் கவரை ஓரமாக வையுங்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை வெறுமையாக இருக்கும் வளையத்தில் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் அச்சிட்டோ கீறியோ சில எழுத்துகளும் எண்களும் தெரியும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். கவர் எண் மறுவெளியீட்டில் மாறலாம்; பழைய அச்சிலேயே அடித்திருந்தால் மேட்ரிக்ஸ் எண் மாறாது. கோடு, புள்ளி விடாமல் எழுதி, ரெக்கார்டு விவரங்களைப் பயனர்களே சேர்க்கும் இணையத் தகவல்தளமான டிஸ்காக்ஸில் தேடுங்கள். அடித்துத் திருத்திய எண் இருந்தால் அதையும் சேர்த்துத் தேடுங்கள், முதலில் வெளியிட்ட கம்பெனிக்கு அது வழிகாட்டலாம்.

எண் கைகொடுக்காவிட்டால் நேரத்தைப் பாருங்கள். லேபிளில் போட்டிருப்பதை நம்பாமல் நீங்களே அளந்து, சந்தேகப்படும் பதிவோடு பகுதி பகுதியாக ஒப்பிடுங்கள். எல்லாப் பகுதிகளும் ஒரே விகிதத்தில் நீண்டோ குறுகியோ இருந்தால் உடனே கைவிடாதீர்கள், வேகம் மட்டுமே வேறாக இருக்கலாம். ரெக்கார்டில் சுருதி அரைக்கட்டை ஏறியிருந்தால் வேகம் சுமார் 6 சதவீதம் கூடியிருக்கிறது. டிஜிட்டலில் சுருதி மாறாமலே வேகத்தை மாற்றலாம் என்பதால் சிடியில் இந்தச் சோதனை போதாது.

பிரிட்டிஷ் பியானோ கலைஞர் ஜாய்ஸ் ஹாட்டோ பெயரில் வந்த சிடிகளில் இருந்தது மற்றவர்களின் வாசிப்பு என்று 2007இல் பிடிபட்டது நேரத்தை வைத்துத்தான். இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் படைப்புகள் அடங்கிய ஒரு சிடியைக் கணினியில் போட்டதும், டிராக் நேரங்களை ஒப்பிடும் தகவல்தளம் லாஸ்லோ சைமன் என்ற வேறொரு பியானோ கலைஞரின் பெயரைக் காட்டியது. அப்புறம் அலைவடிவங்களை ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். இதை நீங்களும் செய்யலாம்: ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் இலவசம், இரண்டு பதிவுகளையும் மேலும் கீழுமாக வைத்து, இருமல், தவறிய சுரம், மூச்சு எல்லாம் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

சினிமா, பாப் ஹிட்டுகளை வேறொருவர் பாடிய நகல் ரெக்கார்டுகள்தான் கடினம், ஏனென்றால் ஒப்பிட, அந்த நகலே பாடியவர் பெயரோடு வந்த பதிவு இருக்காது. புகழ் வருவதற்கு முன் எல்டன் ஜான்கூட 1970 வாக்கில் இப்படிப் பெயரில்லாமல் பாடியிருக்கிறார். குரல் ஒத்துப்போவது தேடலுக்குத் தொடக்கம் மட்டுமே. ஸ்டூடியோ குறிப்போ, பாடியவரின் பேட்டியோ கிடைக்கும்வரை பெயரை உறுதியாகப் போடாதீர்கள். ஏற்கெனவே பெயர் பறிபோனவரின் பாட்டை இன்னொருவர் கணக்கில் எழுதுவது பெரிய அநியாயம்.

டிஸ்காக்ஸில் சேர்க்கும்போது மேட்ரிக்ஸ் எண்ணின் படத்தையும், எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதையும் கூடவே போடுங்கள்.