கல்விக்கான கணினி விளையாட்டை அறம் வழுவாமல் வடிவமைப்பது எப்படி

கல்விக்கான விளையாட்டை வடிவமைக்கத் தொடங்குபவர் கதையையும் பாத்திரங்களையும் சற்று ஒதுக்கிவைத்து, விளையாடி முடித்த மாணவருக்குப் புதிதாக என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு, அந்த அறிவைப் பயன்படுத்தாமல் வெல்ல முடியாதபடி விதிகளை அமைக்க வேண்டும். பின்னக் கணக்குக்கு விடை சொன்னால் எதிரியைச் சுட ஒரு தோட்டா கிடைக்கும் என்றால், கணக்கு வெறும் நுழைவுக் கட்டணமாகிவிடுகிறது. பலகைகளைப் பின்ன அளவுகளில் வெட்டிப் பாலம் அமைக்க வேண்டும் என்றால் கணக்கே விளையாட்டாகிறது.

அறக்கேள்வியும் விதிகளில்தான் தொடங்குகிறது. அடிமை வணிகம் பற்றி டென்மார்க்கில் உருவாக்கப்பட்ட ஒரு வரலாற்று விளையாட்டில், கப்பலுக்குள் மனித உருவங்களை, டெட்ரிஸ் என்ற விளையாட்டில் விழும் கட்டைகளை இடைவெளியின்றிப் பொருத்துவதைப் போல அடுக்கும் பகுதி இருந்தது. கொடுமையை உணர்த்துவதே நோக்கம் என்று உருவாக்கியவர்கள் விளக்கியபோதும், 2015இல் எழுந்த கடும் எதிர்ப்பால் அந்தப் பகுதி நீக்கப்பட்டது. விளையாட்டின் வசனம் அடிமைகளுக்காக இரங்கினாலும், நெருக்கி அடுக்குவதற்கே விதி பரிசளித்தது. எனவே ஒவ்வொரு விதியின் அருகிலும் அது எந்தச் செயலுக்குப் பரிசளிக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

பரிசுகளில் சிக்கனம் தேவை. உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை விரும்பிய குழந்தைகளுள் சான்றிதழ் தருவதாக முன்பே சொல்லப்பட்டவர்கள், பின்னர் தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டனர். ஒரு நாள் வராவிட்டால் சேர்த்த புள்ளிகள் அழியும் என்ற விதியும், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டியும் வகுப்பறைக்கு ஆகாதவை என்பது என் கருத்து. பொழுதுபோக்கு விளையாட்டு பிடிக்காதவர் அதை மூடிவிடலாம். ஆசிரியர் பணித்த விளையாட்டை மாணவர் அப்படி மூட முடியாது. ஆகவே அதே பாடத்தை வேறு வழியில் கற்கும் வாய்ப்பும் இருக்க வேண்டும்.

பாடத்துக்குத் தேவையற்ற தகவலை மாணவரிடமிருந்து சேகரிக்காதீர்கள். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி 13 வயதுக்கு உட்பட்டோரின் தகவலை இணையத்தில் பெறப் பெற்றோரின் ஒப்புதல் தேவை; இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வரம்பு 18 வயது. நிறத்தை மட்டும் நம்பிக் குறிப்புகள் தராதீர்கள். ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு.

நிரல் எழுதும் முன் காகித அட்டைகளில் விளையாட வைத்துப் பாருங்கள். முடிந்ததும், எந்த விதி உண்மை உலகைத் தவறாகக் காட்டுகிறது என்று மாணவர்களிடமே கேளுங்கள். அவர்கள் சுட்டும் விதியை அட்டையில் மாற்றுவது எளிது.