பிளாஸ்டிக் பல்லில் தெரியாத மஞ்சள்: ஸ்மைல் டிசைன் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் மருத்துவர்களுக்கு ஸ்மைல் டிசைன், அதாவது சிரிப்பு அழகாகத் தெரியும்படி முன்பற்களைத் திட்டமிட்டு அமைப்பது பற்றி வார இறுதிப் பயிற்சிகள் நடக்கும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சான்றிதழ் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து வகுப்பை முடிப்பார்கள். திங்கட்கிழமை காலை கிளினிக்கில் உட்கார்ந்தால் யாருடைய முன்பல்லைப் பார்த்தாலும் வெனியர் (பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு) போடலாமே என்று கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு நாள் பயிற்சி முடித்த பத்தாவது நாளே ஒருவருக்கு ஆறு பற்களைத் தேய்த்தேன். ஐந்தாவது மாதம், தயிர் சாதம் சாப்பிடும்போது கழன்றதாகச் சொல்லி ஒரு வெனியரை டிஷ்யூவில் மடித்து எடுத்து வந்தார். பல்லில் சிமெண்ட் துளிகூட இல்லை. எல்லாம் வெனியரின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது. அதாவது பீங்கான் பக்கம் சரியாகத்தான் செய்திருந்தேன், பல் பக்கம் கோட்டை விட்டிருந்தேன்.

எங்கே விட்டேன் என்பது பிறகுதான் புரிந்தது. டைபோடான்ட் என்கிற பயிற்சித் தாடையில் இருக்கும் பிளாஸ்டிக் பல் பெரும்பாலும் ஒரே நிறம். எவ்வளவு தேய்த்தாலும் உள்ளேயும் அதே வெள்ளைதான். நிஜப் பல்லில் மேலடுக்கான எனாமல் தீர்ந்து உள்ளடுக்கான டென்டின் தொடங்கும் இடத்தில் பளபளப்பு போய், மெல்ல மஞ்சள் தட்டும். ஈறு ஓரத்தில் முன்பல்லின் எனாமல் தோராயமாக 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் கனம்தான். பிளாஸ்டிக்கில் பழகிய கை அங்கே அரை மில்லிமீட்டர் இறங்கினால் டென்டினில் போய் நிற்கும். 1955இல் புவோனோகோர் என்கிற அமெரிக்கப் பல் மருத்துவர் எனாமலை ஆசிட்டால் சொரசொரப்பாக்கி ரெசினை (பல்லில் ஒட்டும் பிசினை) ஒட்டிக் காட்டினார். வெனியர் என்கிற சமாசாரம் அந்த எனாமலை நம்பித்தான் நிற்கிறது. டென்டினில் அதே உறுதியை எதிர்பார்க்க முடியாது. ஆகவே பயிற்சிக்குப் பதிவு செய்யும்போதே, எனாமலும் டென்டினும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் இரண்டு அடுக்குப் பல் தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், பிடுங்கிய முன்பற்கள் நாலைந்தைக் கிருமிநீக்கம் செய்து, காயவிடாமல் ஈரத்திலேயே வைத்து எடுத்துப் போங்கள். அந்த மஞ்சளை ஒருமுறை பார்த்த கண் மறக்காது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. எங்கிருந்து அளந்து தேய்ப்பது என்பதில் வருவது அது. வகுப்பில் 0.5 மில்லிமீட்டர் ஆழ அளவு பர்ரை (பல்லைத் தேய்க்கும் சுழல்முனையை) கொடுத்து, பல்லின் மேலேயே கோடு போடச் சொல்வார்கள். டைபோடான்டில் பல் வரிசையாக, தேயாமல் இருக்கும், அதனால் கணக்கு சரியாக வரும். ஆனால் உங்களிடம் வருபவருக்குப் பல் உள்ளே சாய்ந்தோ நுனி தேய்ந்தோ இருக்கும். வரப்போகும் வெனியரின் முகப்பு இப்போதைய பல்லைவிட 0.4 மில்லிமீட்டர் வெளியே நிற்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 0.5 கன வெனியருக்குப் பல்லில் எடுக்க வேண்டியது 0.1 மட்டுமே. பல்லின் மேலிருந்தே 0.5 எடுத்தால் தேவையானதைப் போல நான்கு மடங்கு எனாமல் வீணாகப் போகிறது, போனது திரும்ப வளரவும் வளராது. இதற்காகத்தான் வாக்ஸ்-அப் (வரப்போகும் பல் வடிவத்தின் மெழுகு மாதிரி) செய்து, அதற்குப் புட்டி அச்செடுத்து, பிஸ்-அக்ரில் என்கிற தற்காலிகப் பிசினை ஊற்றி வாயிலேயே மாக்-அப் (தற்காலிக மாதிரி) போட்டு, அந்த மாக்-அப்பின் மேலிருந்து கோடு போடும் முறை வந்தது. இஸ்தான்புல்லைச் சேர்ந்த பல் மருத்துவர் காலிப் குரேல் இதை உலகெங்கும் பரப்பியவர். வகுப்புகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வரும். பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள், மீதிப் பேர் செல்போனில் வீடியோ எடுப்பார்கள். பர் சத்தம் கேட்டால்தான் ஹேண்ட்ஸ்-ஆன் என்று நமக்கு ஒரு நினைப்பு. என்னைக் கேட்டால், கொடுத்த காசுக்குக் கற்க வேண்டியது அந்த மதியம்தான்.

மாக்-அப்பை வாயில் வைத்த பிறகு பேசச் சொல்லிப் பார்ப்பதும் அதே அளவு முக்கியம். மேல் முன்பல்லின் நுனி சரியான நீளத்தில் இருக்கிறதா என்பதற்கு ‘ஃபிப்டி ஃபைவ்’ என்று சொல்லச் சொல்வது ஆங்கிலப் புத்தக வழக்கம். அந்த ஒலிக்கு நுனி கீழுதட்டை லேசாகத் தொட வேண்டும். பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி இதை அப்படியே தமிழாக்கி, “ஐம்பத்தைந்து சொல்லுங்கம்மா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவும் சளைக்காமல் பத்து முறை சொன்னார். ‘ம்ப’ வரும்போது இரண்டு உதடும் ஒட்டும், பல்லுக்கு அங்கே வேலையே இல்லை! ‘வவ்வால்’, ‘விவசாயி’, ‘ஃபேன்’ மாதிரிச் சொற்களைக் கேளுங்கள். உதடு ஓய்வாக இருக்கும்போது எவ்வளவு பல் தெரிகிறது என்று பார்க்க ‘அம்மா’ சொல்லச் சொல்லி, அப்படியே உதட்டைத் தளர விடச் சொன்னால் போதும். வயது ஏற ஏற அந்தத் தெரிவு குறையும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதுக்காரருக்கு இருபது வயதின் நீளத்தை வைத்தால் பல்செட் போட்ட மாதிரித் தெரியும்.

அடுத்து, லேப்டாப்பில் போட்டோ மேல் டிசைன் வரைவது. தங்க விகிதத்தை (சுமார் 1.618-க்கு 1) பல் வரிசைக்குப் பொருத்திப் பார்க்கும் யோசனை 1970களில் லொம்பார்டி, லெவின் என்கிற பல் மருத்துவர்கள் எழுதியதில் இருந்து வருகிறது. அழகான இயற்கைச் சிரிப்புகளை அளந்தால் பெரும்பாலானவற்றில் அந்த விகிதம் இருக்காது. நடு வெட்டுப்பல்லின் அகலம் அதன் நீளத்தில் 75 முதல் 80 சதவீதம் என்பது அதைவிட உபயோகமான கணக்கு. அப்புறம் நடுக்கோடு, அதாவது இரண்டு நடுப்பற்களும் சந்திக்கும் கோடு. பல் சீரமைப்பு நிபுணர் வின்சென்ட் கோக்கிச் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், நடுக்கோடு 4 மில்லிமீட்டர் தள்ளியிருந்ததைக்கூடச் சாதாரண மக்கள் கவனிக்கவில்லை. சாய்வுதான் சட்டென்று கண்ணில் படும். ஆனால் வகுப்பில் எல்லோரும் அரை மில்லிமீட்டர் தள்ளலுக்கு மல்லுக்கட்டுவார்கள், படம் எடுக்கும்போது தலை சாய்ந்திருந்ததை யாரும் பார்க்க மாட்டார்கள். தலை சாய்ந்த போட்டோவில் வரைந்த டிசைன் வாயில் கோணலாகத்தான் வரும். செல்போனைப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தாலும் இதே கதைதான், நடுப்பற்கள் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு ஸ்லைடுகளில் வரும் பல் கறையில்லாமல் இருக்கும். ஃப்ளோரைடு கூடிய தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பழுப்புத் திட்டைப் பற்றி அங்கே பேச்சே வராது. அந்த எனாமல் ஆசிட்டுக்கு எளிதில் மசியாது. மேற்பரப்பை லேசாகத் தேய்த்து, எட்ச் நேரத்தை (ஆசிட் வைக்கும் நேரத்தை) கூட்ட வேண்டியிருக்கும். லேசான திட்டு என்றால் மைக்ரோ அப்ரேஷன் (மேற்பரப்பை மட்டும் மெல்ல உரசுவது), பிளீச்சிங் (வெளுக்க வைப்பது), ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் (திட்டுக்குள் ரெசினை ஊற விடுவது) என்று பர்ரால் தேய்க்காமல் முடிகிற வழிகளை முதலில் பாருங்கள். கறுத்த ஈறையும் ‘குறை’ என்று போட்டோவில் வட்டம் போடுகிறார்கள். அது நம்மில் பலருக்கு இயல்பாக இருக்கும் மெலனின். பேஷண்ட் கேட்காமல் நாமே ஆரம்பிக்க வேண்டாமே.

ஒட்டும் வேலையில் நடப்பவை சின்னத் தவறுகள்தான், ஆனால் கழன்று வருவது அங்கேதான். வெனியர் லித்தியம் டைசிலிகேட் என்கிற கண்ணாடிப் பீங்கானாக இருந்தால், உட்புறத்துக்கு 5 சதவீத ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் 20 வினாடி போதும். ஃபெல்ட்ஸ்பதிக் என்கிற பழைய வகைப் பீங்கானுக்கு அதைவிட நிறைய நேரம் வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் செய்பவர்கள் நிறையப் பேர். பீங்கானையும் ரெசினையும் இணைக்கும் சிலேன் திரவத்தின் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள், பால் மாதிரிக் கலங்கியிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பிளீச்சிங் செய்திருந்தால் இரண்டு வாரமாவது பொறுத்து ஒட்டுங்கள். பல்லில் தங்கிய ஆக்சிஜன் ரெசினை முழுதாக இறுக விடாது. ஷேட் (பல்லின் நிறம்) பார்ப்பதை வாய் திறந்த முதல் நிமிடத்திலேயே முடித்துவிடுங்கள். எச்சிலைத் தடுக்கும் ரப்பர் டேம் விரிப்பைப் போட்டுப் பல் காய்ந்துவிட்டால் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும், லேபுக்குத் தப்பான நிறம் போகும். இதெல்லாம் வகுப்பில் தலையாட்டிக் கேட்கிற விஷயங்கள். டைபோடான்டுக்கு எச்சிலும் இல்லை நாக்கும் இல்லை, அதனால் கைப்பழக்கமாக வராமலே போய்விடுகிறது.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பேச்சாளரின் இன்ஸ்டாகிராமைவிட, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்பதைக் கேளுங்கள். எட்டுக்கு மேல் போனால் உங்கள் கையை யாரும் பார்க்கப்போவதில்லை. உங்கள் பேஷண்ட் ஒருவரின் போட்டோவையும் மாடலையும் அவர் சம்மதத்தோடு கொண்டுபோய் அதிலேயே வாக்ஸ்-அப் செய்ய விடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

திரும்பி வந்த முதல் மாதம் வெனியருக்காகப் பர்ரைத் தொடாதீர்கள். நாலைந்து பேருக்கு மாக்-அப் மட்டும் போட்டு, கையில் கண்ணாடியைக் கொடுத்து வாசல் வெயிலில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சினிமா நடிகரின் படத்தைக் காட்டி “இந்த வெள்ளை வேணும்” என்று வந்த ஒருவருக்குப் மாக்-அப்பில் பாதிப் பற்களுக்குப் பளிச்சென்ற பிளீச் ஷேடும் மீதிக்கு இயல்பான வெளுப்பான ஏ1 ஷேடும் போட்டு அனுப்பினேன். வெயிலில் ஐந்து நிமிடம் நின்றார், வீடியோ காலில் வீட்டுக்காரம்மாவிடம் காட்டினார். திரும்பி வந்து, “டாக்டர், இந்த நடுப் பல்லுல இருக்கிற இடுக்கை மட்டும் அடைச்சு விட்டுடுங்க, போதும்” என்றார். பல்நிறப் பிசினான காம்போசிட் வைத்து நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஒரு பல்லையும் தேய்க்கவில்லை.