கறுப்புக் காரில் தண்ணீர்த் திட்டு விழாமல் மழைக்காலத்தைத் தாண்டுவது எப்படி

கறுப்புக் கார் வாங்காதே என்று தண்டையார்பேட்டையில் எனக்குச் சொல்லாத ஆளே இல்லை. கேட்கவில்லை, வாங்கினேன். அந்த வருடம் தீபாவளி கழிந்து ஒரு வாரம் மழை, நடுவில் ஒருநாள் சுள்ளென்று வெயில். சேறாகக் கிடந்த காரைப் போர் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, வெயில்தானே, தானே காயட்டும் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டம். மாடி வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, காருக்குத் தேமல் வந்திருக்கு?" என்றார். மூன்று நாள் துணி வைத்துத் தேய்த்தும் போகவில்லை. தேய்த்ததில் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை, புதிதாகக் கார் வாங்கியவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். கறுப்பு, கருநீலம், அடர் சாம்பல், கருஞ்சிவப்பு எல்லாவற்றுக்கும் இதேதான். வெள்ளைக் காரிலும் திட்டு விழும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில், குற்றவாளி யார்?

எல்லோரும் மழையைத் திட்டுவார்கள். மழைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. ஆனால் அது உங்கள் காரின் மேல் ஏற்கெனவே படிந்திருக்கும் தூசியில் விழுகிறது. எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி, காசிமேட்டுக் காற்றில் வரும் உப்பு என்று நம் பக்கம் தூசிக்குப் பஞ்சமில்லை. சொட்டுக்குள் அது கரைந்து, சொட்டு காய்ந்ததும் விளிம்பில் வட்டமாகத் தங்கிவிடுகிறது. இருந்தாலும் மழைத் திட்டு பெரும்பாலும் கழுவினால் போய்விடும். போகாமல் ஒட்டிக்கொள்வது நாம் கழுவுகிற தண்ணீரின் உப்பு, அதாவது சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும். வடசென்னையில் கடலை ஒட்டிய தெருக்களின் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று குளியலறைக் குழாயைப் பார்த்தாலே தெரியும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது இன்று நேற்றுக் கதையில்லை.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை. எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். அதன் மேல் போர் தண்ணீர் ஒரு சொட்டு, மெட்ரோ வாட்டர் ஒரு சொட்டு, ஏசி குழாயிலிருந்து வடியும் தண்ணீர் ஒரு சொட்டு, தள்ளித் தள்ளி விட்டு மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். நான் செய்தபோது போர் சொட்டு இருந்த இடத்தில் சுண்ணாம்பால் வரைந்த மாதிரி வெள்ளை வளையம், நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. மெட்ரோ வாட்டர் லேசான கோடு. ஏசி தண்ணீர் விட்ட இடத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், விருப்பமிருந்தால் வாங்கலாம், ஆனால் தட்டே போதும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவுகிற பழக்கம் நிறைய வீட்டில் உண்டு. சிக்கனம் நல்லதுதான், ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், காருக்கு வேண்டாம்.

படி 1: நேரமும் நிழலும்

காலை ஏழு மணிக்கு முன்னால், இல்லாவிட்டால் வெயில் சாய்ந்த பிறகு. பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் கழுவாதீர்கள். கறுப்பு வெயிலை அப்படியே குடிக்கும், தண்ணீர் ஊற்றிய இரண்டு நிமிடத்தில் காய்ந்து உப்பு தங்கிவிடும். ஓட்டி வந்தவுடன் எஞ்சின் சூட்டோடும் வேண்டாம்.

படி 2: கழுவுதல்

முதலில் துணியே படாமல் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்குங்கள். காய்ந்த தூசியின் மேல் துணி போடுவதும் உப்புத்தாள் போடுவதும் ஒன்று. அப்புறம் இரண்டு பக்கெட், ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், பெயின்ட்டைக் காக்க மேலே பூசிய வேக்ஸையும் (மெழுகுப் பூச்சு) சேர்த்து எடுத்துவிடும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். ஒரு பகுதி முடிந்ததும் உடனே அலசிவிடுங்கள், முழுக் காருக்கும் நுரை போட்டுவிட்டு அலசலாம் என்று நின்றால் முதலில் போட்ட இடம் காய்ந்திருக்கும்.

படி 3: கடைசி அலசல் ஏசி தண்ணீரில்

இதுதான் என் சொந்தச் சரக்கு. ஏசியிலிருந்து வடிவது காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கிய தண்ணீர், உப்பு அநேகமாக இருக்காது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு என் வீட்டு ஏசி ஒரே இரவில் ஒரு பக்கெட் தருகிறது. பழைய பனியன் துணியில் வடிகட்டிக் குடத்தில் சேர்த்து வைப்பேன். போர் தண்ணீரில் கழுவினாலும் கடைசியில் ஒரு குடம் இதை மேலிருந்து மெதுவாக ஊற்றினால், காரில் தங்கியிருக்கும் உப்புத் தண்ணீரை அடித்துக்கொண்டு போய்விடும்.

படி 4: துடைத்தல்

இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிக்கு மேல் பிரச்சினை இல்லை, ஏனென்றால் திட்டு விழுவது தண்ணீர் தானாகக் காய்வதால்தான். பெரிய, தடித்த மைக்ரோஃபைபர் துணி ஒன்று. அதை விரித்துப் போட்டு இரண்டு மூலையைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். கதவு, டிக்கி, பெட்ரோல் மூடி எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து ஓரத்தைத் துடையுங்கள். பழைய காடாத் துணியும் கிழிந்த லுங்கியும் டயருக்கு மட்டும்.

படி 5: வேக்ஸ்

சென்னைக்கு வருடத்தில் சுமார் 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டிவிடும். அதனால் செப்டம்பர் கடைசியில் ஒருமுறை வேக்ஸ் போட்டுவிடுங்கள், டிசம்பரில் முடிந்தால் இன்னொருமுறை. நிழலில், காய்ந்த காரில், மிக மெல்லிசாக. மங்கலானதும் வேறு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். அப்பளத்துக்கு எண்ணெய் மாதிரி தாராளமாக ஊற்றினால் துடைத்தே கை ஒடிந்துவிடும்.

ஆயிரக்கணக்கில் செலவு செய்து செராமிக் கோட்டிங் போட்டால் திட்டே விழாது என்று கடையில் சொல்வார்கள். முழுக்க நம்பாதீர்கள். வேக்ஸோ செராமிக்கோ, தண்ணீரை முத்து முத்தாக உருட்டும், பார்க்க அழகு. ஆனால் அந்த முத்து உருண்டு ஓடாமல் கூரையிலேயே காய்ந்தால் அதே இடத்தில் ஒரு புள்ளி. பெயின்ட்டில் நேரடியாக ஒட்டாமல் எளிதாகக் கிளம்பும் என்பதுதான் லாபம்.

மழை நாளில்

பெய்துகொண்டிருக்கும்போது கவலை வேண்டாம். பெய்து ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கிற அந்தக் கால் மணி நேரம்தான் ஆபத்து. முடிந்தால் இரண்டு குடம் ஏசி தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள். ஈரக் காரின் மேல் கவர் போடவே போடாதீர்கள், உள்ளே ஈரம் அவியும், காற்றில் கவர் ஆடி மண்ணைத் தேய்க்கும். நிறுத்தும் இடத்தையும் அண்ணாந்து பாருங்கள், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் குழாய்க்கு நேர் கீழே நிறுத்திவிட்டுப் புலம்பியவன் நான். அதைவிட மோசம் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலும் மேம்பாலத்தடியிலும் கான்கிரீட் வழியாகக் கசிந்து சொட்டும் தண்ணீர். சிமென்ட்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதால் அந்தக் கறை பெயின்ட்டையே கடிக்கும், பார்த்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

ஏற்கெனவே திட்டு இருந்தால்

வெள்ளை வினிகரும் ஏசி தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து, குளிர்ந்த பானெட்டில் திட்டின் மேல் ஓரிரு நிமிடம் போர்த்தி வையுங்கள். காயவிடாமல் எடுத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி அலசித் துடையுங்கள். முதலில் கதவின் கீழ் ஓரத்தில் கொஞ்சமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் வேக்ஸ் போயிருக்கும், திரும்பப் பூசுங்கள். இரண்டு முறை செய்தும் வட்டம் தெரிந்தால் அது மேலே ஒட்டிய உப்பு இல்லை, பெயின்ட்டில் விழுந்த பள்ளம். அதற்குப் பாலிஷ்தான் வழி, பாலிஷ் என்றால் நிறத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி மாதிரியான பூச்சை, அதாவது கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவுவது என்று அர்த்தம், அதனால் வருடாவருடம் செய்கிற வேலை இல்லை. பித்தளைக் குடம் விளக்குகிற மாதிரி புளி, பாத்திரப் பவுடர், தேங்காய் நார் என்று இறங்கிவிடாதீர்கள். பல் பேஸ்ட்டும்தான், நான் போட்டுப் பார்த்தேன், பானெட்டில் இன்னும் அந்த இடம் மங்கலாக இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் தெருவை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பிரேக்கின் ஈரம் காயும், பக்கக் கண்ணாடிக்குள்ளும் நம்பர் பிளேட் பின்னாலும் ஒளிந்திருந்த தண்ணீர் கோடாக வழிந்திருக்கும். அந்தக் கோட்டையும் துடைத்துவிட்டுச் சாவியை மாட்டுங்கள்.